ஒன்பது நிமிடம் எரிந்து, பதினொரு நிமிடம் ஓய்ந்த ஃபர்னஸ்

வீட்டைச் சூடாக்கப் புதிதாக ஒரு எரிவாயு ஃபர்னஸ் மாட்டிய மூன்றாம் நாள் காலை, கூடத்துத் தரையில் இருக்கும் காற்றுத் திறப்பின் மேல் உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடி அத்தை நின்றுகொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துக் கையைத் திருப்பிப் புறங்கையாலும் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. "மாப்ள, இதுல சூடே வரலையே. பழசே பரவால்ல போலருக்கு" என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எரிபொருளின் வெப்பத்தில் 96 சதவீதம் வீட்டுக்கே வரும், 96 சதவீதம் என்று ஒரு மாதமாக வீட்டில் எல்லோர் காதிலும் ஓதியிருந்தேன். அத்தையிடம் சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை. "பழகிடும் அத்தை" என்று மழுப்பிவிட்டு நகர்ந்தேன். மழுப்பியது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தத் திறப்பு அத்தையின் இடம். ஆறு குளிர்காலமாக அவருடைய நாற்காலி அதன் பக்கத்தில்தான் கிடக்கிறது. பழைய ஃபர்னஸ் கீழே பேஸ்மென்ட்டில் 'தொம்' என்று பற்றும். சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுவரும் டக்டின் தகரம் சூடேறி இரண்டு மூன்று இடங்களில் 'டங்' என்று அதிரும். அதன்பின் கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்தது போல ஒரு காற்று வரும். அத்தை காலை நீட்டிக்கொள்வார். காற்று நின்றதும் கொஞ்ச நேரத்தில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். மறுபடி 'தொம்', மறுபடி கால் நீளும். குளிர்நாட்டில் வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

வீட்டை வாங்கும்போதே ஃபர்னஸுக்கு இருபத்தைந்து வயது. நெருப்பைப் பற்றவைப்பதற்கான சின்னப் பைலட் சுடர் கோடையிலும் அணையாமல் நின்று எரிகிற பழைய வகை. வருடாவருடம் பராமரிப்புக்கு வருபவர் "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று தொடர்ந்து மூன்று வருடம் சொன்னார். நான்காம் வருடம் ஒன்றும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கினார். சரி, மாற்றிவிடுவோம் என்று மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டேன்.

முதலில் வந்தவர் டார்ச் அடித்துப் பழைய ஃபர்னஸின் உள்ளே ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். எரிபொருளாக உள்ளே போவது மணிக்கு 1,20,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு), சூடாக வெளியே வருவது 96,000. அதே அளவில் புதிதாக ஒன்று, 96 சதவீதத் திறன், இவ்வளவு விலை என்று நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாமவர் இன்னும் தாராளம், குளிருக்குப் பயமே வேண்டாம் என்று அதைவிட ஒரு படி பெரியதைச் சொன்னார். இருவருமே வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் இருந்து நேரே பேஸ்மென்ட், பேஸ்மென்ட்டில் இருந்து நேரே வண்டி.

மூன்றாமவர் ஈழத்துத் தம்பி. முதல் வேலையாக மேலே போனார். ஜன்னல்களை அளந்தார், பரணில் தலையை விட்டுப் பஞ்சுக் காப்பு எத்தனை அங்குலம் என்று பார்த்தார், வெளிச்சுவர் எவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஃபர்னஸை அவர் பார்த்ததே கடைசியில்தான். மற்ற இருவரும் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். சிரித்தார். "அண்ணை, பழசின்ர பிளேட்டைப் பாத்துப் புதுசு போடுறது, முந்தி இருந்த ஆளின்ர அளவில உங்களுக்குச் சப்பாத்து வாங்கிற மாதிரி" என்றார். "ஒண்டு செய்யுங்கோ. நல்லாக் குளிர்ற ஒரு இரவு, இது எத்தனை நிமிஷம் எரியுது, எத்தனை நிமிஷம் நிக்குது எண்டு ஒரு பேப்பரில எழுதி வையுங்கோ. அதுக்குப் பிறகு கதைப்பம்." விற்க வந்தவர் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போனது எனக்கு அதுவே முதல் முறை.

படிக்கட்டில் ஓர் இரவு

பத்து நாள் கழித்து வந்தது அந்த இரவு. வெளியே மைனஸ் 22. தெர்மோஸ்டாட்டை 21-ல் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, நள்ளிரவு ஒரு மணிக்குப் போர்வையும் மகளின் பழைய நோட்டுமாகப் பேஸ்மென்ட் படிக்கட்டில் உட்கார்ந்தேன். தொம். கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். நின்றது, எழுதினேன். எட்டு நிமிடம், ஒன்பது, ஒன்பது, பத்து. நடுவில் பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு. மூன்று மணி வரைக்கும் இதே கதைதான். ஒன்பது நிமிடம் எரிகிறது, பதினொரு நிமிடம் சும்மா நிற்கிறது. வருடத்தின் ஆகக் குளிர்ந்த இரவுகளில் ஒன்றிலேயே பாதிக்கு மேல் ஓய்வு. கணக்குப் போட்டால் வெளியே வரும் 96,000-ல் 45 சதவீதம், அதாவது 43,000 பி.டி.யூ. போதும் இந்த வீட்டுக்கு. இருபத்தைந்து முப்பது வருடமாக இந்த வீட்டில் யானையைக் கட்டித் தீனி போட்டிருக்கிறார்கள்.

அதோடு எழுந்து போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் அந்தத் தம்பி போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஃபர்னஸ் நிற்கும்போது புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைக் காட்டிப் பாருங்கோ என்று. பழைய வகை ஃபர்னஸில் அந்த இடம் மூடியிருக்காது. புகையை மேலே தள்ள விசிறி கிடையாது, சூடான காற்று மேலே எழும் இயல்பை நம்பியே எல்லாம் நடக்கும். அதற்காக அங்கே ஒரு திறந்த வாய் உண்டு. நெருப்பு அணைந்து ஐந்து நிமிடம் ஆன பிறகு ஒரு துண்டைக் கிழித்து அந்த வாயருகே தொங்கவிட்டேன். துண்டு மெல்ல எழுந்து உள்ளே சாய்ந்தது. அப்படியே நின்றது. விரல் விட்டிருந்தால் சிம்னி விழுங்கியிருக்கும்.

நெருப்பு இல்லை. பைலட் சுடர் மட்டும் நீலமாக நிற்கிறது. ஆனாலும் சிம்னி இழுத்துக்கொண்டே இருக்கிறது. எதை இழுக்கிறது? ஒன்பது நிமிடம் காசு கொடுத்துச் சூடாக்கிய வீட்டுக் காற்றை. பதினொரு நிமிட ஓய்வு முழுக்க வீடு கூரை வழியாகக் காலியாகிக்கொண்டிருந்தது. போகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஜன்னல் இடுக்கு, கதவின் அடி, சுவரில் பிளக் மாட்டும் பெட்டியின் ஓரம் என்று கிடைத்த வழியில் எல்லாம் மைனஸ் 22 உள்ளே வந்துகொண்டிருந்தது. அத்தை சால்வையை இழுத்துக்கொள்ளும் அந்தப் பதினொரு நிமிடம் எதனால் அவ்வளவு கடுமையாக இருந்தது என்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

தகட்டில் 1,20,000-க்கு 96,000 என்று இருந்ததால் இது 80 சதவீத ஃபர்னஸ் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அது நின்று நிதானமாக எரியும்போது உள்ள கணக்கு. ஒவ்வொரு முறையும் ஆறிப்போன இரும்பைச் சூடேற்றுவது, நின்றதும் அந்தச் சூட்டைச் சிம்னிக்குக் கொடுப்பது, பைலட்டுக்கு நாள் முழுக்கப் படி அளப்பது எல்லாம் சேர்த்துக் குளிர்காலம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் இந்த வகைக்கு ஏறக்குறைய 65 தான் தேறும். இப்படி முழுப் பருவத்துக்குமாக எடுக்கும் அளவைத்தான் ஏ.எஃப்.யூ.ஈ. என்கிறார்கள். புது ஃபர்னஸ் மேல் ஒட்டியிருக்கும் 96 அதுதான்.

80-க்கும் 90-க்கும் நடுவே ஆள் இல்லாத ஊர்

கடைப் பட்டியல்களை மேய்ந்தபோது ஒன்று விநோதமாகப் பட்டது. 80 சதவீத ஃபர்னஸ் இருக்கிறது, 92, 95, 96, 98 எல்லாம் இருக்கிறது. 86 இல்லை, 87 இல்லை. நடுவில் மட்டும் ஏன் யாரும் செய்வதில்லை?

பதில் தண்ணீரில் இருக்கிறது. எரிவாயு எரிந்தால் கரியமில வாயுவோடு தண்ணீரும் உண்டாகும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ தண்ணீர். அது ஆவியாகவே சிம்னி வழியே வெளியேறும்போது, வாயுவில் இருந்த மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியோடு போய்விடுகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் புகையை ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே குளிர்வித்து ஆவியைத் தண்ணீராக்க வேண்டும். அந்தத் தண்ணீரோ அமிலம். சாதாரண இரும்பையும் செங்கல் சிம்னியின் சாந்தையும் அரித்துத் தின்றுவிடும். எனவே இரண்டில் ஒன்று. ஆவி தண்ணீராக மாறாதபடி புகையைச் சூடாகவே வெளியே விட்டு 80-ல் நின்றுவிட வேண்டும், அல்லது புகையின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இரண்டாவதாக ஒன்றைத் துருப்பிடிக்காத உலோகத்தில் வைத்து 90-ஐத் தாண்டிப் போக வேண்டும். நடுவில் நின்றால் அரிப்புதான் மிச்சம். அமெரிக்கா 1992-ல் 78 என்று வைத்த குறைந்தபட்ச அளவை 2015-ல் 80 ஆக்கிய வேளையில், கனடா ஏற்கெனவே 90-ல் இருந்தது, 2019-ல் 95-க்கு ஏறியது. இரண்டு எண்களுக்கு நடுவே இருப்பது இந்தத் தண்ணீர்தான்.

புகை அவ்வளவு ஆறிவிடுவதால் அதற்குச் சிம்னியே தேவையில்லை, பிவிசி குழாய் போதும். சுவரைத் துளைத்து இரண்டு வெள்ளைக் குழாய்கள். ஒன்று எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து வருகிறது, மற்றது புகையைக் கொண்டுபோய் விடுகிறது. வீட்டுக் காற்றுக்கும் நெருப்புக்கும் இனி உறவே கிடையாது. டிஷ்யூ துண்டைக் காட்ட இப்போது ஃபர்னஸில் ஓர் ஓட்டை இல்லை.

அந்தத் தம்பி ஜன்னல், சுவர், பரண் எல்லாம் சேர்த்துப் போட்டு வந்த கணக்கும் என் நோட்டுக் கணக்கும் இரண்டாயிரம் பி.டி.யூ. வித்தியாசத்தில் ஒத்துப்போயின. 60,000 அளவுள்ள ஃபர்னஸைப் போட்டோம். பழையதில் பாதி. இரண்டு நிலைகளில் எரிவது, பெரும்பாலான நாட்களில் கீழ்நிலையிலேயே காலத்தை ஓட்டிவிடும். "பத்தாமப் போனா என்ன பண்றது?" என்று மனைவி கேட்டாள். நோட்டைக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

வெதுவெதுப்பு

அத்தையின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. கடுங்குளிரில் பெரிய ஃபர்னஸ் ஒரு மணி நேரத்தில் ஒன்பது ஒன்பது நிமிடமாக மூன்று தடவை கொட்டித் தீர்ப்பதைச் சின்னது அதே ஒரு மணி நேரத்தில் நாற்பது ஐம்பது நிமிடம் நிதானமாக ஊற்றுகிறது. திறப்பில் வரும் காற்று நாற்பது டிகிரி சொச்சம்தான் இருக்கும், கையை வைத்தால் பெரிதாகச் சுடாது. ஆனால் அது நிற்பதில்லை. காற்று ஓயாமல் மெல்லச் சுற்றுவதால் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையும், எப்போதும் சில்லிட்டே கிடக்கும் மகளின் மூலை அறையும் கூடத்தோடு சமமாயின. பழைய காலத்தில் மாடி வேர்க்கும், கீழே பல் கிட்டும்.

பணத்தை மிச்சம் பிடித்தது 96 தான், சந்தேகமில்லை. வீட்டில் இருக்கிற சுகத்தை மாற்றியது 60,000. முதலில் வந்தவர் சொன்னபடி 1,20,000-லேயே 96 சதவீதம் வாங்கியிருந்தால் கட்டணம் குறைந்திருக்கும், சால்வை அப்படியே இருந்திருக்கும். விளம்பரங்களில் இந்த இரண்டாவது எண்ணைப் பெரிதாகப் போட்டு நான் பார்த்ததே இல்லை. பெரியது விற்றால் புகார் வராது என்பதால் இருக்கலாம். குளிர்கிறது என்று கூப்பிடுவோம், வீடு எட்டு நிமிடத்தில் சூடாகிவிட்டது என்று யாராவது கூப்பிட்டுத் திட்டுவோமா?

சத்தமும் போனது. நடு இரவில் தொம் இல்லை, டங் இல்லை. முதல் வாரம் ஓடுகிறதா என்று பார்க்கவே இரண்டு முறை கீழே இறங்கினேன். விசிறி பழையதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் சுற்றுகிறது, ஆனாலும் மின் கட்டணம் ஏறவில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய புது வகை ஈ.சி.எம். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது நூறு வாட் அளவில்தான் எடுக்கிறது. பழைய மோட்டார் சுற்றினாலே ஐந்நூறு. மின்சாரக் கணக்கு ஏ.எஃப்.யூ.ஈ.க்குள் வருவதில்லை என்பதும், டக்டின் இடுக்குகளில் கசியும் சூடும் அதில் சேராது என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை. டக்டின் இணைப்புகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அலுமினிய டேப் ஒட்டினேன். டக்ட் டேப் என்ற பெயரில் விற்கும் துணி டேப்பை டக்டில் ஒட்டினால் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும். இது என்ன நியாயமோ தெரியவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

எல்லாம் சுகம் என்று எழுதினால் பொய். வாட்டர் ஹீட்டரின் புகையும் அதே சிம்னியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஃபர்னஸ் விலகிக்கொண்டதும், இருவருக்காகக் கட்டிய சிம்னியில் அது மட்டும் தனியே விடப்பட்டது. அதன் சின்னப் புகையால் அவ்வளவு பெரிய செங்கல் குழலைச் சூடேற்ற முடியாது. உள்ளேயே குளிர்ந்து நீராகிச் சாந்தை அரிக்கும், இழுவை போதாவிட்டால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எனவே இது விளையாட்டல்ல. சிம்னிக்குள் ஒடுக்கமான உலோகக் குழாய் ஒன்றை இறக்கிச் சரிசெய்தோம். அது தனிச் செலவு. முதல் இருவரின் காகிதத்திலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது ஜன்னல். டிசம்பரில் ஒரு காலை எல்லாக் கண்ணாடிகளும் வேர்த்து வழிந்தன. ஃபர்னஸ் காற்றை உலர்த்துகிறது என்று எல்லோரும் சொல்வோம், உண்மையில் ஃபர்னஸ் எதையும் உலர்த்துவதில்லை. மைனஸ் இருபதில் இருக்கும் காற்றை உள்ளே கொண்டுவந்து 21-க்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பழைய சிம்னி அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் எங்கள் குளியலும் மூச்சும் வீட்டிலேயே தங்கின. உதடு வெடிப்பு நின்றது, ஜன்னல் அழத் தொடங்கியது. ஈரப்பதமூட்டியை நிறுத்தி, குளியலறை விசிறியைக் கூடுதலாக ஓடவிட்ட பிறகு அடங்கியது.

ஜனவரியில் ஓர் இரவு பனி காற்றோடு வந்து வெளிச்சுவரில் இருக்கும் குழாய் வாயை மூடிவிட்டது. ஃபர்னஸ் தானாகவே நின்றுகொண்டது. பழையது என்றால் இப்படி நின்றிருக்காது. அதிகாலை நாலரைக்கு மண்வாரியோடு வெளியே போய்த் தோண்டினேன். அன்று மட்டும் சிம்னியை நினைத்துக்கொண்டேன்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். 65-லிருந்து 96 என்றால் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். இரண்டு குளிர்காலங்களை அப்படியே ஒப்பிட முடியாது, ஒன்று கடுமையாக இருக்கும், ஒன்று கருணையாக இருக்கும். ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பநிலை 18-க்கு எத்தனை டிகிரி கீழே போனது என்று கூட்டி, அதால் வகுத்துப் பார்த்தேன். 27 சதவீதம் குறைந்திருந்தது. கோடைக் கட்டணத்தை வைத்து வாட்டர் ஹீட்டரின் பங்கைக் கழித்தால் 31 வரும். சொன்ன வாக்கை ஏறக்குறையக் காப்பாற்றிவிட்டது. ஆனால் 80-ல் நன்றாக ஓடும் ஃபர்னஸ் வைத்திருப்பவருக்கு இதே மாற்றத்தில் 17 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. அவர் அந்தப் பணத்தில் முதலில் பரணில் பஞ்சு போடுவது நல்லது என்பது என் கட்சி. வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வரும் ஹீட் பம்ப் ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஏசி பழுதாகும் வருடம் இதே ஃபர்னஸோடு சேர்த்துப் போடுவதாகத்தான் எண்ணம்.

பிப்ரவரியில் ஒரு நாள், முன்பு ஆவியோடு போய்க்கொண்டிருந்த அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஃபர்னஸில் இருந்து தரை வடிகாலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயை எடுத்து ஒரு வாளியில் விட்டேன். சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் பத்து லிட்டர் வாளி விளிம்பு வரைக்கும் நிற்கிறது, பளிங்கு போல. முன்பு தினமும் இவ்வளவும் ஆவியாகக் கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. இந்த வாளி ஒன்று மட்டும் ஆவியிலிருந்து தண்ணீராகும்போது ஆறு யூனிட் மின்சாரத்துக்கு மேலான வெப்பத்தை வீட்டுக்குள் விட்டிருக்கும்.

எனக்கு இருந்த பெருமையில் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படியிறங்கி வந்து குனிந்து பார்த்தார். அவருடைய நாற்காலி திறப்புக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்து ஜன்னலோரம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது, வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம். "இவ்ளோ நல்ல தண்ணிய தெனமும் சாக்கடையிலயா விடுறீங்க?" என்றார். "செடிக்கு ஊத்தலாம்ல?"

"அது அமிலம் அத்தை. செடி கருகிடும்" என்றேன்.

விரலை நனைத்து, தேய்த்து, முகர்ந்து பார்த்தார். என் மேல் முழு நம்பிக்கை வந்த மாதிரித் தெரியவில்லை.